மலைநாட்டு இருப்புப்பாதையும் அதன் சொற்களும்

ஒரு நாட்டிற் புதிய தொழிலொன்று புகும்பொழுது, அதனுடன் புதிய சொற்களும் புகுகின்றன. கடல் வாணிகம் செய்த நம் முன்னோர் நாவாய், கலம், மீகாமன், கலங்கரை விளக்கம் எனப் பல சொற்களை வழங்கினர். அவற்றைக் கொண்டே அக்காலக் கடலோடிகளின் வாழ்வை நாம் ஓரளவு உணர்கின்றோம். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருப்புப்பாதை தமிழ் மக்களின் வாழ்விற் புகுந்தது. சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை 1856இல் வண்டி ஓடிற்று. இலங்கையில் 1864 டிசம்பர் 27ஆம் நாள் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி சென்றது. அன்று தொட்டு நம்மொழியிற் குடியேறிய சொற்கள் பல.

இச்சொற்கள் இருவகைப்படும். ஒருவகை, வண்டியை நடத்துவோர் தமக்குள் வழங்கும் தொழிற்சொற்கள். அவை ஒவ்வொன்றும் ஒரே பொருளையே தரும். பொருள் சற்றே பிறழினும் உயிர்ச்சேதம் நேரும். மற்றொரு வகை, வண்டியிற் செல்வோரும் அதனைப் பார்த்து நிற்போரும் ஆக்கிக்கொண்ட வழக்குச் சொற்கள். இவ்விருவகைச் சொற்களையும் மலைநாட்டுப் பாதையை நிலைக்களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாவலப்பிட்டி, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என மேலேறும் அப்பாதை, தேயிலைத் தோட்டங்களின் ஊடே செல்வது. அத்தோட்டங்களிற் பாடுபட்ட தமிழர் எக்காலத்தில், எவ்வகையில் ‘பயணி’ என்ற பெயருக்கு உரியராயினர் என்பதை இச்சொற்களின் வரலாறே நமக்கு உணர்த்தும்.

பாதை பிறந்த கதை

இலங்கை இருப்புப்பாதை மக்கள் செலவுக்காகப் பிறந்ததன்று. காப்பிச் சரக்குக்காகப் பிறந்தது. மலைநாட்டிற் காப்பி பயிரிட்ட ஆங்கிலத் துரைமார், தம் விளைவை மாட்டு வண்டிகளிற் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்புவதில் நாட்கணக்கிற் காலமும் பெரும் பொருளும் செலவிட்டனர். மழைக்காலத்தில் வண்டிகள் சேற்றிற் புதைந்தன. மாடுகள் நோயால் மாண்டன. ஆகவே இருப்புப்பாதை வேண்டுமென்று அவர்கள் இடையறாது வற்புறுத்தினர். இதற்கென 1845இல் இலண்டனில் ஒரு கம்பனி நிறுவப்பட்டது. 1858இல் ஆள்பதி சேர் ஹென்றி வார்ட் வேலையைத் தொடக்கி வைத்தார். கம்பனியால் அது நிறைவேறாமற் போகவே, அரசாங்கமே பொறுப்பை ஏற்று நடத்திற்று.

பாதை 1867இற் கண்டியை அடைந்தது. 1873இற் கம்பளைக்கும் 1874இல் நாவலப்பிட்டிக்கும் சென்றது. அதற்கப்பால் ஹட்டனை அடையப் பத்தாண்டுகள் சென்றன. ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் வண்டி வந்தது. இப்பத்தாண்டுக் காலத்தில் நிகழ்ந்த மாறுதல் பெரிது. 1869இல் முதன்முதற் காணப்பட்ட இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இற் பயிரிட்டிருந்த தேயிலையே பிற தோட்டக்காரருக்கும் புகலாயிற்று. எனவே, காப்பிக்காகத் தொடங்கிய பாதை, மலையுச்சியை நெருங்கிய காலத்தில் தேயிலையையே ஏற்றலாயிற்று. 1893இல் அப்புத்தளைக்கும் 1894இற் பண்டாரவளைக்கும் 1924இற் பதுளைக்கும் அது நீண்டது.

பாதையின் இத்தோற்றம் சொற்களிலும் படிந்துள்ளது. சரக்கு வைக்கும் கொட்டகைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் மக்கள் வாயிற் ‘குட்ஷெட்’ ஆயிற்று. கண்டி நகரில் மலைநாட்டுப் பேருந்துகள் புறப்பட்ட இடமும் குட்ஷெட் என்றே வழங்கிற்று. தேயிலைப் பெட்டிக்கென அமைந்த இடத்தின் பெயர், மனிதர் கூடும் இடத்துக்குப் பெயராக நிலைத்தது ஆராயத்தக்கது. அவ்வாறே, தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள கிரேட் வெஸ்டர்ன் நிலையம், அம்மலையையும் அதன் அடியிலுள்ள தோட்டத்தையும் நினைவூட்டும் பெயருடையது.

சரிவும் வளைவும்

மலைநாட்டுப் பாதையை நடத்துவோர் முதலில் அறியவேண்டிய சொல் ‘சரிவு’ என்பது. “நாற்பத்து நான்கில் ஒன்று” என்பது இப்பாதையின் கடுஞ்சரிவைக் குறிக்கும் தொடர். அஃதாவது, வண்டி 44 அடி முன்னே செல்லும்போது ஓரடி மேலே ஏறும். ஒரு மைலுக்கு 5,280 அடியாதலின், மைலொன்றுக்கு 120 அடி ஏற்றம் உண்டு. நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 21 மைல். அவ்வளவில் வண்டி ஏறும் உயரம் சுமார் 2,200 அடி. பட்டிப்பொலைக்கு அருகில் இப்பாதை கடல் மட்டத்துக்கு மேல் 6,200 அடியையும் கடந்து செல்கின்றது. அகலப்பாதையொன்று இவ்வளவு உயரம் ஏறுவது அரிய செய்தி. இருதண்டவாளங்களுக்கும் இடையே 5 அடி 6 அங்குலம் விட்டு அமைக்கப்பட்ட பாதையே அகலப்பாதை எனப்படும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டது 2 அடி 6 அங்குலக் குறும்பாதை. அது 1940களிற் கைவிடப்பட்டது.

சரிவுக்கு அடுத்தது ‘வளைவு’. இதனைச் ‘சங்கிலி’ என்னும் அளவாற் கூறுவர். நில அளவையாளரின் சங்கிலி 66 அடி நீளமுடையது. இம்மலைப் பாதையில் ஐந்து சங்கிலி ஆரமுள்ள, அஃதாவது 330 அடி ஆரமுள்ள, வளைவுகளும் உள்ளன. இத்தகைய வளைவில் நீண்ட இயந்திரம் திரும்புதல் அரிது. கடுஞ்சரிவிற் சிறிய இயந்திரம் இழுத்தலும் அரிது. இவ்விரு தடைகளையும் ஒருங்கே நீக்க, ஒரே கொதிகலனின் முன்னும் பின்னும் இரு தொகுதிச் சக்கரங்கள் தனித்தனியே திரும்புமாறு அமைந்த ‘கராட்’ இயந்திரம் 1927இற் கொண்டுவரப்பட்டது. ஏனைய வண்டிகளுக்குப் பின்னாலும் ஓர் இயந்திரத்தைப் பூட்டி உந்துவது வழக்கமாயிற்று. 1950களில் டீசல் இயந்திரங்கள் வரத் தொடங்கின. 1954 முதற் கனடாவிலிருந்து வந்தவற்றுட் பல அந்நாட்டு மாகாணங்களின் பெயர்களைத் தாங்கியிருந்தன. நாளடைவில் நீராவியின் காலம் முடிந்தது.

ஏறுவதினும் இறங்குவது கடினம் என்பர் சாரதிகள். ஏறும்போது வண்டி நின்றுவிடலாம். அதனால் வரும் இழப்புக் காலமே. இறங்கும்போது தடை பிடியாது போயின் இழப்புக்கு அளவில்லை. ஆதலாற் சரிவு என்பது அவர்களுக்கு நிலத்தின் இயல்பைக் கூறும் சொல் மட்டுமன்று. கடமையின் அளவைக் கூறும் சொல்லுமாகும்.

லைன் கிளியரும் டப்லெட்டும்

மலைப்பாதை ஒற்றைப்பாதை. மேலேறும் வண்டியும் கீழிறங்கும் வண்டியும் ஒரே தண்டவாளத்தையே பயன்படுத்தல் வேண்டும். நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று விலகிச் செல்லலாம்; இதனைக் ‘கிராசிங்’ என்பர். இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே இருத்தல் வேண்டும் என்பதே ஒற்றைப்பாதை நடத்தலின் முதல் விதி.

இவ்விதியைக் காப்பது எங்ஙனம்? தொடக்கத்தில் மேலை நாடுகளில் நேர அட்டவணையையும் தந்திச் செய்தியையும் நம்பியே வண்டிகளை விட்டனர். 1874 செப்டெம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்தில் நொரிச் நகருக்கு அண்மையிலுள்ள தோர்ப் என்னுமிடத்தில், தந்திச் செய்தியில் நேர்ந்த குழப்பத்தால், ஒற்றைப்பாதையில் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. 25 பேர் மாண்டனர். செய்தி மட்டும் போதாது, கையிற் பிடிக்கும் பொருளொன்றும் வேண்டும் என்பது அதன் பின்னரே நன்கு உணரப்பட்டது. எட்வேர்ட் டையர் என்பவர் 1878இல் அதற்கொரு பொறியை ஆக்கி உரிமை பெற்றார். அப்பொறியே இலங்கை ஒற்றைப்பாதைகளிலும் நெடுங்காலம் பயன்பட்டது.

‘டப்லெட்’ எனப்படுவது ஒரு வட்டத் தகடு. இரு நிலையங்களிலும் ஒவ்வொரு பொறி இருக்கும். இரண்டும் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு நிலைய அதிபர் மணியடித்து வழி கேட்பார். அடுத்த நிலைய அதிபர் தம் பொறியை இயக்கி இசைவு தருவார். அப்பொழுதே ஒரு தகடு வெளிவரும். அது வெளியே இருக்கும் வரை எந்தப் பொறியிலிருந்தும் இன்னொரு தகட்டை எடுத்தல் இயலாது. அத்தகட்டைத் தோற்பையில் இட்டுப் பெரிய வளையத்திற் கோத்துச் சாரதியிடம் கொடுப்பர். அது கையில் இல்லாமற் சாரதி அப்பகுதிக்குட் புகலாகாது.

ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் உள்ளது. இப்பாதையின் சுரங்கங்களுள் அதுவே மிக நீளமானது, 562 மீற்றர். அதனுட் புகும் சாரதிக்கு முன்னே வருவது எதுவும் தெரியாது. மலைமேல் மூடுபனி இறங்கிவிட்டாற் சுரங்கத்துக்கு வெளியேயும் அதே நிலைதான். ‘கைகாட்டி’யின் கை கிடையாக நின்றால் நில் என்று பொருள், ஆனாற் பனியிற் கைகாட்டியே மறைந்துவிடும். அவ்வேளையிற் கண்ணுக்குப் புலப்படாத வழியிற் சாரதி துணிந்து செல்வது, கையிலுள்ள அத்தகட்டின் மீது வைத்த நம்பிக்கையினாலேயாம். ஒருவரையொருவர் பாராத இரு நிலைய அதிபர்கள், ஒரு சொல்லுக்கு இருவரும் ஒரே பொருள் கொள்வதனால், நூற்றுக்கணக்கானோர் உயிரைக் காக்கின்றனர்.

வழி உண்டு என்னும் இசைவே ‘லைன் கிளியர்’. இத்தொடர் நிலையத்தை விட்டு வெளியேறி ஊர்வழக்கிலும் கலந்துவிட்டது. தடை நீங்கிய எக்காரியத்தையும் “லைன் கிளியர்” என்கின்றனர் நம்மவர். ஒருவனுடைய மறைவான செய்திகள் வெளிப்பட்டால் “வண்டவாளம் தண்டவாளத்தில் ஏறிவிட்டது” என்கின்றனர். இருப்புப்பாதை மக்கள் மனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்துள்ளது என்பதற்கு இவை சான்று.

மேலும் கீழும், சந்தியும்

ஆங்கிலேயர் வழக்கிற் தலைநகரை நோக்கி வரும் வண்டி ‘அப்’. தலைநகரை விட்டு விலகும் வண்டி ‘டவுன்’. நில உயரத்துக்கும் இப்பெயர்களுக்கும் தொடர்பில்லை. ஊரின் பெருமையே இங்கு உயரம். இவ்விலக்கணத்தை நம் மலைநாட்டுக்குப் பொருத்திப் பார்ப்போமாயின், கடற்கரையிலிருந்து ஆறாயிரம் அடி ஏறிச் செல்லும் வண்டி ‘கீழ்’ வண்டியாகும்; மலையிலிருந்து இறங்கி வருவது ‘மேல்’ வண்டியாகும். ஒரு சொல் யார் நோக்கிலிருந்து ஆக்கப்பட்டது என்பதை உணர இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

‘சந்தி’ என்பது பாதைகள் கூடும் நிலையத்தின் பெயர். வடபாதை மலைப்பாதையினின்றும் பிரியும் பொல்காவலைச் சந்தி, நம்மவர் வாழ்வில் தனியிடம் பெற்றது. 1905இல் வடபாதை யாழ்ப்பாணத்தைக் கொழும்போடு இணைத்தது. அதன் பின்னர் வடபுலத்திலிருந்து மலைநாட்டுக்குப் பணிக்குச் சென்ற ஆசிரியரும் எழுதுவினைஞரும் வணிகரும் பொல்காவலையில் இறங்கி மலைவண்டிக்குக் காத்திருந்தனர். 1956இல் யாழ்தேவியும் உடரட்ட மெனிகேயும் ஓடத் தொடங்கின. அவற்றுக்கு இவ்வாறு பெயரிட்ட காலத்தில் இருப்புப்பாதைப் பொது முகாமையாளராக விளங்கியவர் பி. டி. இரம்பாலா. போரினால் 1990இல் நின்ற யாழ்ப்பாண வண்டி 2014இல் மீண்டும் ஓடிற்று.

சீட்டும் பயணியும்

இனி, இக்கட்டுரையின் தலையாய சொல்லுக்கு வருவோம். பயணி என்பவன் யார்? தான் செல்ல விரும்பும் ஊரின் பெயரைச் சொல்லிச் சீட்டுப் பெற்று, அச்சீட்டின் வலியால் வண்டியில் ஏறுபவன். அவன் முதலாம் வகுப்பிற் செல்லினும் மூன்றாம் வகுப்பிற் செல்லினும், செலவின் நோக்கம் அவனுடையது. சரக்குக்கு நோக்கம் இல்லை. அதன் மேல் ஒட்டிய விலாசமே உண்டு.

தோட்டத் தொழிலாளரின் முன்னோர் காப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியில் இறந்தோர் பலர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் ‘தகரச் சீட்டு’ முறை வந்தது. தகரத்தில் மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. கங்காணி கொடுத்த அத்தகரத்தைக் காட்டினால், அரசாங்க அலுவலர் அத்தொழிலாளியைக் கப்பலிலும் வண்டியிலும் ஏற்றி உரிய தோட்டத்துக்கு அனுப்புவர். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். 1914இற் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. இருகரையும் இருப்புப்பாதையால் இணைந்தன. மண்டபம் முகாமிற் தங்கி, கடல் கடந்து, தலைமன்னாரில் வண்டி ஏறித் தொழிலாளர் மலைநாடு வந்தனர்.

அத்தகரத்திற் பெயர் இல்லை, ஊர் இல்லை, எழுத்தும் எண்ணுமே இருந்தன. தேயிலைப் பெட்டியின் மேலும் தோட்டத்தின் குறியே இருந்தது. ஒரே தண்டவாளத்தின் மீது தேயிலைப் பெட்டி குறியோடு இறங்கிற்று. தொழிலாளி குறியோடு ஏறினான். வண்டியில் இருந்தும் அவன் பயணியாக இருந்தான் என்று கூறுதல் அரிது. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் வழிச்செலவு பொது நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. அது தொழிலாளியின் கடனாதல் ஒழிந்தது. இஃது ஒரு முன்னேற்றமேயாயினும், செல்லுமிடத்தை அவன் தானே தெரிவு செய்யும் நிலை அப்பொழுதும் முழுமையாக வரவில்லை.

அவன் மெய்யாகப் பயணியானது சிறிது சிறிதாகவே. சிவனொளிபாத மலைக்குச் செல்வோர் ஹட்டனில் இறங்கும் டிசம்பர் முதல் மே வரையான காலத்தில், அடியாரோடு அடியாராக அவனும் நின்றான். மாத்தளை முத்துமாரியம்மன் திருவிழாவுக்குச் சென்றான். பிள்ளைகளை நகரப் பள்ளிக்கு அனுப்பினான். அவர்களுக்குப் பருவச்சீட்டு வாங்கினான். பின்னர் அவன் மக்கள் கொழும்புக் கடைகளில் வேலைக்குச் சென்று, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நெருக்கடி மிகுந்த மூன்றாம் வகுப்பிற் காலூன்ற இடமின்றி ஊர் திரும்பினர். அந்நெருக்கடி வருந்தத்தக்கதே. எனினும் அவர்கள் கையிலிருந்த சீட்டில் அவர்களே சொன்ன ஊரின் பெயர் இருந்தது.

ஒப்பாரிக் கோச்சி

இடையில் நிகழ்ந்த பெருந்துயரொன்றையும் இவ்விடத்திற் கூறாது விடலாகாது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, இவர்களின் தொகையை 9,75,000 எனக் கொண்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பகுக்கப்பட்டனர். அதே 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குச் சென்றது.

ஹட்டன் முதலான மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு மக்கள் கூட்டங்கூட்டமாக ஏற்றப்பட்டனர். தாய் ஒரு கூற்றிலும் மகள் மறு கூற்றிலும் சேர்க்கப்பட்ட குடும்பங்கள் உண்டு. மேடையில் நின்றோரும் வண்டியில் இருந்தோரும் கட்டிப்பிடித்து அழுத அழுகையால், அவ்வண்டிக்கு மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். அரசாங்க ஏடுகளில் அவர்களுக்கு வழங்கிய பெயர் ‘தாயகம் திரும்புவோர்’ என்பது. அவர்களுட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர். அதற்கு முன் இந்தியாவைக் கண்டறியாதவர். போகாத ஊருக்குத் திரும்புதல் எங்ஙனம்? ஏட்டுச் சொல் மறைத்த உண்மையை மக்கள் வழங்கிய சொல் வெளிப்படுத்தியது. இருப்புப்பாதைச் சொற்களில் ‘மீள்பயணச் சீட்டு’ என்பதொன்று உண்டு. ஒப்பாரிக் கோச்சியில் ஏறியோருக்கு அச்சீட்டு இல்லை. 1984இற் கப்பற் சேவை நின்றது. இலங்கையில் எஞ்சிய நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று.

‘கோச்சி’ என்ற சொல்லும் கருதத்தக்கது. ஹங்கேரி நாட்டில் ‘கொச்’ என்னும் சிற்றூரிற் செய்யப்பட்ட வண்டியின் பெயர் ஐரோப்பா முழுவதும் பரவிப் பின்னர் நம் நாட்டையும் அடைந்தது. யாழ்ப்பாணத்து முதியோரும் மலையகத்தாரும் அதனைக் கோச்சி என்றனர். சிங்கள மக்கள் கோச்சிய என்றனர். அறிவிப்புப் பலகையில் நாம் புகையிரதம் என்கின்றோம். அவர்கள் தும்ரிய என்கின்றனர். அதற்கும் புகையால் ஓடும் தேர் என்பதே பொருள். புகை விடும் இயந்திரம் போய்விட்ட பின்னரும் இருமொழியிலும் அப்பெயர் நிலைத்துள்ளது. ஆள்வோர் வழக்கிலும் வீட்டு வழக்கிலும் இவ்விரு மக்களும் ஒரே எண்ணத்தாற் பெயரிட்டனர் என்பது, வேற்றுமைகளையே எண்ணிப் பழகிய நமக்கு ஒரு பாடமாகும்.

முடிவாக ஒன்று கூறல் வேண்டும். தொழிற்சொற்கள் பொறிகளோடு மறையும் இயல்பின. நீராவி இயந்திரத்தோடு அதனைச் சார்ந்த சொற்கள் பல மறைந்துவிட்டன. டப்லெட்டும் கைகாட்டியும் மின்குறிகளுக்கு இடங்கொடுக்கும் காலத்தில் அவற்றின் சொற்களும் மறையும். தகரச் சீட்டையும் ஒப்பாரிக் கோச்சியையும் நேரிற் கண்டோரின் சொற்களை எழுதி வைத்தோர் சிலரே. நம் கல்லூரி மாணவருள் மலைநாட்டைச் சேர்ந்தோரும் உளர். இருப்புப்பாதையிற் பணியாற்றியவரின் பிள்ளைகளும் உளர். விடுமுறைக் காலத்தில் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரை அணுகி, அவர்கள் வழங்கிய பாதைச் சொற்களையும் அச்சொற்களுக்கு அவர்கள் கொண்ட பொருளையும், கேட்டவாறே குறித்து வருவாராயின், மலைநாட்டுத் தமிழரின் வரலாற்றுக்கு அது பெருந்துணையாகும். நிலைய அதிபர் தம் ஏட்டில் ஒவ்வொரு வண்டியின் வரவையும் செலவையும் தவறாது பதிந்தார். அவ்வண்டியில் வந்தோரையும் சென்றோரையும் பதியும் கடமை நம்முடையது.